மூடிய சிப்பிக்கு என்ன விலை?

நம் குடியிருப்பில் இப்போது பலரிடம் டீமேட் கணக்கு இருக்கிறது. மாதாமாதம் எஸ்ஐபி கட்டுபவர்கள், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டவர்கள், புதுப் பங்கு வெளியீடு வந்தால் உடனே விண்ணப்பிப்பவர்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். "எதை வாங்கலாம்?" என்று ஒருவரையொருவர் கேட்கிறோம். "என்ன விலைக்கு வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவிலேயே ஒரு பழைய கதை உண்டு.

முத்துக்குளிப்புக் காலத்தில், அதாவது சலாபத்தின்போது, சிப்பியை எப்படி விற்றார்கள் தெரியுமா? பிற்பகலில் படகுகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கை மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள், சிப்பியைத் திறக்காமலேயே. வாங்கியவர் அதை நாள்கணக்கில் அழுகவிட்டு, கழுவி அலசிய பிறகுதான் உள்ளே முத்து இருந்ததா என்று தெரியும். குளியாட்கள் தங்கள் பங்கை வெளியே நிற்கும் கூட்டத்துக்குச் சில்லறையாக விற்பதும் உண்டு. ஐந்தாறு சிப்பி வாங்கி அதிர்ஷ்டம் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் இது முழுச் சூதாட்டம் அல்ல. குளிப்பு தொடங்கும் முன்பே அதிகாரிகள் பாரிலிருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். அதில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கு சொல்வார்கள். முத்து வியாபாரிகளிடமும் நுட்பமான முறைகள் இருந்தன. 20 துளையிலிருந்து 1000 துளை வரையுள்ள பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரிப்பார்கள், மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். ஆக, உண்மை மதிப்பைக் கணிக்க வழி இருந்தது. அப்படியிருந்தும் ஒரே பாரின் சிப்பி நேற்று ஒரு விலைக்கும் இன்று வேறொரு விலைக்கும் போகும். சிப்பியில் மாற்றம் இல்லை, கூடியிருந்தவர்களின் மனநிலையில்தான் மாற்றம்.

மதிப்பு முதலீட்டின் முன்னோடி பெஞ்சமின் கிரஹாம் 1949-ல் வெளியிட்ட நூலில் 'மிஸ்டர் மார்க்கெட்' என்று ஒரு கற்பனைக் கூட்டாளியை அறிமுகப்படுத்தினார். அவர் தினமும் வந்து ஒரு விலை சொல்வார். உற்சாகமான நாளில் அதிகம் கேட்பார், சோர்ந்த நாளில் அடிமாட்டு விலைக்கும் கொடுப்பார். அவர் சொல்வதை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். நம் கடற்கரை ஏலத்தில் நின்றவர்களுக்கு இவரைத் தனியே அறிமுகப்படுத்த வேண்டியிருக்காது.

இனி கதைக்கு வருவோம். வளைகுடாவின் எதிர்க்கரையான இலங்கையில் 1903, 1904, 1905 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நல்ல குளிப்பு நடந்தது. இந்தப் பக்கத்துக் குளியாட்களும் வியாபாரிகளும் திரண்டு போனார்கள். 1905-ல் மட்டும் எட்டு கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு அந்த ஆண்டு வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் சுமார் 44 லட்சம்.

இதைப் பார்த்து ஆங்கிலேய முதலீட்டாளர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகை, 20 ஆண்டுக் குத்தகை என்று 1906 முதல் இலங்கையின் முத்துப் பார்களை எடுத்தார்கள். விஞ்ஞான முறையில் சிப்பியை வளர்த்து விளைச்சலைப் பெருக்கலாம் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. 'இந்த முறை நிலைமை வேறு' என்ற எண்ணம் அன்றும் உண்டு.

மூன்று ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 15 லட்சம். வாடகை 3.10 லட்சம்தான். மலிவு என்றுதானே தோன்றும்? ஆனால் 1892 முதல் 1902 வரை பதினோரு ஆண்டுகள் அங்கே குளிப்பே நடக்கவில்லை. அதையும் சேர்த்து 44 லட்சத்தைப் 14 ஆண்டுகளுக்கு வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 3.14 லட்சம் வரும். வாடகையும் கிட்டத்தட்ட அதேதான்! செலவுக்கும் லாபத்துக்கும், கெட்ட காலம் வந்தால் தாங்குவதற்கும் இடமே இல்லை. கிரஹாம் வலியுறுத்திய 'பாதுகாப்பு இடைவெளி' இங்கே சுத்தமாக இல்லை.

1906-லும் 1907-லும் குளிப்பு நடந்தது. அதன் பிறகு பார்கள் வெறுமையாகின. அடுத்த குளிப்பு 1925-ல்தான். கம்பெனி அதற்கு முன்பே கலைந்துவிட்டது.

அவர்கள் முட்டாள்கள் அல்ல. பழைய கணக்குகள் அரசு ஆவணங்களிலேயே இருந்தன. ஆனால் கண்ணெதிரே குவிந்த எட்டு கோடி சிப்பி, ஏட்டில் இருந்த பதினோரு பூஜ்ஜியங்களை மறைத்துவிட்டது. அண்மையில் நடந்தது இனியும் நடக்கும் என்று நம்புவது மனித இயல்பு. ஒரு மியூச்சுவல் ஃபண்டின் கடந்த மூன்று ஆண்டு வருமானத்தைப் பார்த்து நாம் பணம் போடுவதும் இதே இயல்பால்தான். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே அக்டோபரில் 9,000-க்கும் கீழே இறங்கியது. ஜனவரியில் வாங்கியவர்களும் முந்தைய சில ஆண்டுகளின் ஏற்றத்தைப் பார்த்தவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதி வாடகைக்கு எடுத்திருந்தாலும் பதினேழு ஆண்டு வறட்சி அந்தக் கம்பெனிக்கு நஷ்டத்தையே தந்திருக்கும், தாக்குப்பிடிக்கச் சற்று அவகாசம் கிடைத்திருக்கும், அவ்வளவே. சரியான விலைக்கு வாங்குவது மட்டும் போதாது. மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வைத்திருக்கும் பணத்தை ஒரே பாரில் இறக்கக் கூடாது.

நம் தூத்துக்குடிக் கரையிலும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் இனி நின்றுபோகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை யாராவது மூன்று ஆண்டு லாபத்தைக் காட்டி ஒரு பங்கைச் சிபாரிசு செய்தால், அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளின் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள்.