அணி போனது, பெயர் நின்றது: ஜான்ஸ்டவுன் நகரின் ஐஸ் ஹாக்கி வரலாறு

ஊரைப் பார்த்துத் திரைப்படம் எடுப்பது வழக்கமான செயல். திரைப்படத்தைப் பார்த்து ஓர் ஊர் தன் விளையாட்டு அணிக்குப் பெயர் சூட்டிக்கொள்வது அரிது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஜான்ஸ்டவுன் அவ்வாறு செய்தது. அந்தப் பெயரின் வரலாறு, ஒரு தொழில்நகரம் தன்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிபோனவற்றை எவ்வாறு நினைவில் வைத்துக்கொண்டது என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

ஜான்ஸ்டவுன், மலைகளுக்கிடையே இரண்டு ஆறுகள் கூடும் குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். 1852இல் அங்கே தொடங்கப்பட்ட கேம்ப்ரியா இரும்பு நிறுவனம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்னணி இரும்பு, எஃகு ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 1923இல் அது பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதற்கு முன்பே, 1889 மே 31 அன்று, நகருக்கு மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் மாண்டிருந்தனர். அந்த அணை பிட்ஸ்பர்க் நகரச் செல்வந்தர்களின் பொழுதுபோக்குச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. ஆண்ட்ரூ கார்னெகியும் அதில் உறுப்பினர். ஊரின் தலைவிதியை ஊருக்கு வெளியே இருப்பவர்களின் உடைமை தீர்மானிக்கும் நிலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1950இல் நகரின் மையத்தில் போர் நினைவு உள்ளரங்கம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கில், அதே ஆண்டு ‘ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ்’ என்னும் ஐஸ் ஹாக்கி அணி ஆடத் தொடங்கியது. அமெரிக்க, கனடிய ஐஸ் ஹாக்கியின் உச்சியில் இருப்பது என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக். அதற்குக் கீழே பல அடுக்குகளாக ‘மைனர் லீக்’ எனப்படும் சிறு லீக்குகள் உள்ளன. மேலே ஏறக் காத்திருக்கும் இளைஞர்களும், இனி ஏற வாய்ப்பில்லாத மூத்தவர்களும் அங்கே குறைந்த ஊதியத்திற்கு ஆடுகின்றனர். பேருந்திலேயே ஊர் ஊராகப் பயணம் செய்கின்றனர். அணி தனியார் ஒருவரின் சொத்து. இலாபம் குறைந்தால் அதை விற்கலாம், வேறு ஊருக்கு மாற்றலாம், கலைத்தும் விடலாம். பார்வையாளர்களுக்கோ அது ‘எங்கள் அணி’. சட்டத்தின் மொழியிலும் மக்களின் மொழியிலும் ‘சொந்தம்’ என்னும் சொல் வெவ்வேறு பொருளைத் தருகிறது. சிறு லீக்குகளின் வரலாறு முழுவதும் இந்த இரு பொருள்களுக்கும் இடையிலான இழுபறிதான்.

ஜெட்ஸ் அணி இருபத்தேழு பருவங்கள் நிலைத்து நின்றது. இடையில் அது ஆடிய லீக்குகள் மாறின. சில மறைந்தும் போயின. 1973இல் உருவான வட அமெரிக்க ஹாக்கி லீக்கில் சேர்ந்து, 1974–75 பருவத்தில் பட்டம் வென்றது. அந்த அணியில் ஆடியவர்களுள் நெட் டவுட் என்பவரும் ஒருவர். அவருடைய சகோதரி நான்சி டவுட் திரைக்கதை எழுத்தாளர். ஆடை மாற்றும் அறையிலும் பேருந்திலும் ஆட்டக்காரர்கள் பேசுவதை நெட் ஒலிப்பதிவு செய்து தர, அப்பேச்சையே நான்சி தன் உரையாடல்களுக்கு மூலப்பொருளாகக் கொண்டார். ஜார்ஜ் ராய் ஹில் இயக்கத்தில், பால் நியூமன் நடிப்பில் 1977 பிப்ரவரியில் வெளியான ‘ஸ்லாப் ஷாட்’ இவ்வாறு பிறந்தது. படப்பிடிப்பின் பெரும்பகுதி ஜான்ஸ்டவுனிலேயே நடந்தது. ஜெட்ஸ் ஆட்டக்காரர்களான ஸ்டீவ் கார்ல்சன், ஜெஃப் கார்ல்சன், டேவ் ஹான்சன் ஆகிய மூவரும் முரட்டு ‘ஹான்சன் சகோதரர்க’ளாக நடித்தனர்.

படத்தில் ஊரின் பெயர் சார்ல்ஸ்டவுன்; அணியின் பெயர் சீஃப்ஸ். ஆலை மூடப்படவிருக்கிறது; ஆயிரக்கணக்கானோர் வேலை இழக்கவிருக்கின்றனர்; அதனோடு அணியும் முடியப்போகிறது. ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான டன்லப், ஃபுளோரிடாவிலிருந்து யாரோ அணியை வாங்கப்போவதாக ஒரு பொய்யைப் பரப்புகிறார். நம்பிக்கை பிறக்கிறது; ஆட்டம் கைகலப்பாக மாறுகிறது; அரங்கம் நிரம்புகிறது. இறுதியில் அவர் அணியின் உரிமையாளரைச் சந்திக்கிறார். அணியை விற்பதைவிடக் கலைத்து வரிக் கணக்கில் நட்டம் காட்டுவதே தனக்கு இலாபம் என்கிறார் அந்த அம்மையார். நகைச்சுவைப் படமாகவே நினைவுகூரப்படும் ‘ஸ்லாப் ஷாட்’, உடைமையின் தருக்கத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருப்பது கவனத்திற்குரியது.

படம் வெளியான அதே ஆண்டில் ஜெட்ஸ் அணியும் அதன் லீக்கும் முடிவுக்கு வந்தன. ஜூலையில் பெருமழை பெய்து அணைகள் உடைந்தன. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1936 வெள்ளத்திற்குப் பின் ஆற்றுக் கரைகளுக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, தன்னை ‘வெள்ளமற்ற நகரம்’ என்று அழைத்துக்கொண்ட ஊர் அது. அந்தப் பெயரும் அந்த ஒரே இரவில் பொருளிழந்தது. எஃகு ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தன. 1983இல் நாட்டிலேயே மிக அதிகமான வேலையின்மை நிலவிய இடங்களின் வரிசையில் ஜான்ஸ்டவுன் முன்னணியில் நின்றது. 1950இல் 63,000 பேருக்கு மேல் வாழ்ந்த நகரில், 1980இல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 35,500 பேரே. இடையில் ‘விங்ஸ்’ என்னும் பெயரிலும் பின்னர் ‘ரெட் விங்ஸ்’ என்னும் பெயரிலும் ஓர் அணி இரண்டு பருவங்கள் ஆடி, 1980இல் ஓய்ந்தது.

1987–88 பருவத்தில் ஐஸ் ஹாக்கி மீண்டும் வந்தபோது, புதிய அணிக்கு ‘ஜெட்ஸ்’ என்னும் பழைய பெயரை எவரும் வைக்கவில்லை. ‘ஜான்ஸ்டவுன் சீஃப்ஸ்’ என்று வைத்தனர். ஊரிலிருந்து பிறந்த கற்பனைப் பெயர் ஊருக்கே திரும்பிவந்தது. ‘ஜெட்ஸ்’ என்பது நடந்ததைச் சுட்டும் பெயர். நடந்ததன் முடிவு தோல்வி. ‘சீஃப்ஸ்’ என்பதோ அத்தோல்வியை வெளியுலகம் சிரித்தபடியும் அன்போடும் பார்த்த காட்சியைச் சுட்டும் பெயர். நிகழ்ந்த வரலாற்றைவிட, அதன் பிம்பமே அந்நகருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது போலும்.

1988–89இல், ஐந்து அணிகளுடன் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக்கில் சீஃப்ஸும் ஒன்று. அதன் பயிற்சியாளர் ஸ்டீவ் கார்ல்சன்: படத்தின் ‘ஹான்சன்’ மெய்யான சீஃப்ஸை வழிநடத்தினார். அப்பருவத்தின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை சென்று, கரோலினா தண்டர்பேர்ட்ஸிடம் அணி தோற்றது. 1992இல் பெத்லஹேம் ஸ்டீல் ஜான்ஸ்டவுனில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை போன பின்னும் அணி நின்றது. லீக்கோ தென்மாநில நகரங்களுக்கும், 2003க்குப் பின் மேற்குக் கரைக்கும் விரிந்தது. தொடக்கத்தில் இருந்த ஐந்தில் மற்ற நான்கும் இடம்பெயர்ந்தோ பெயர் மாறியோ மறைந்தன. சீஃப்ஸ் மட்டும் ஒரே ஊரில், ஒரே பெயரில், இருபது பருவங்களைத் தாண்டி ஆடியது.

2010இல் அதுவும் முடிந்தது. அணியின் உரிமம் தென் கரோலினாவின் கிரீன்வில் நகருக்குச் சென்றது. வடக்கின் பழைய ஆலை நகரங்களிலிருந்து மூலதனமும் மக்களும் நகர்ந்த அதே தெற்குத் திசை அது. டன்லப் தன் ஆட்டக்காரர்களுக்குச் சொன்ன பொய்யில் இருந்ததும் அதே திசை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பொய், சிறு மாற்றத்துடன், உண்மையாயிற்று. ஆனால் புதிய ஊர் அணிக்கு ‘ரோட் வாரியர்ஸ்’ என்று வேறு பெயர் சூட்டியது. உரிமம் போனது, ‘சீஃப்ஸ்’ என்னும் பெயர் போகவில்லை.

2012 முதல் அதே உள்ளரங்கில் ‘ஜான்ஸ்டவுன் டோமஹாக்ஸ்’ என்னும் இளையோர் அணி ஆடிவருகிறது. டோமஹாக் என்பது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைக்கோடரி. ‘சீஃப்ஸ்’ என்றால் தலைவர்கள். அச்சொல்லும் அமெரிக்க அணிப் பெயர்களில் பூர்வகுடித் தலைவர்களையே நினைவூட்டி வந்தது. ஒரு பெயர் தன் பொருட்புலத்திலிருந்தே அடுத்ததை ஈன்றிருக்கிறது. அந்தப் பொருட்புலமும் பிறரிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டது என்பதையும் மறக்கலாகாது. பறிகொடுத்த ஊரின் பெயரிலும் ஒரு பழைய பறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அணையும் ஆலையும் அணியும் வெளியாரின் முடிவுகளால் உடைந்தன, மூடப்பட்டன, இடம்பெயர்ந்தன. எந்த உரிமையாளரும் விற்க விரும்பாத, எந்த லீக்கும் கேட்டு வாங்காத ஒன்றே ஊரிடம் எஞ்சியது. அது ஒரு திரைக்கதையிலிருந்து ஊர் எடுத்துக்கொண்ட பெயர்.