வாக்குத் தவறாத சிற்றூர் ரயில்

பெரும் ரயில்வேக்களின் சரித்திரத்தை எழுதியோர் பலர். சிற்றூர் ரயிலொன்றின் கதையை நினைவுகூர்வோர் சிலரே. ஆயினும், பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், மேற்குக் கடலோரத்து டவின் நகரிலிருந்து மலைகளை நோக்கிச் செல்லும் தாலில்லின் ரயில்வேயின் கதை நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

அதன் பிறப்புக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரே காரணம் என்றால் வியப்பாயிருக்கும். 1861இல் மூண்ட அப்போரால் பஞ்சு வரத்துத் தடைப்பட, லங்காஷயர் நூற்பாலைகள் முடங்கின. ஆலை முதலாளிகளான மக்கானல் குடும்பத்தார் வேறு தொழில் தேடி, பிரின் எக்லூய்ஸ் மலையில் கூரை வேயும் சிலேட்டுக் கல் வெட்டும் தொழிலில் முதலிட்டனர். அதுகாறும் பொதிக்குதிரைகள் சுமந்த கல்லைக் கடற்கரைக்குக் கொணர ஓர் இருப்புப்பாதை வேண்டியிருந்தது. 1865இல் பாராளுமன்றம் அதற்கு அனுமதி அளித்தது.

தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 2 அடி 3 அங்குலமே. நம் நாட்டில் முன்பு பரவலாயிருந்த மீட்டர் பாதையைவிட ஓர் அடி குறைவு. 1866இல் ஆய்வுக்கு வந்த அரசு அதிகாரி கேப்டன் டைலர், பாலங்களின் சுவருக்கும் பெட்டிகளுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை எனக் கண்டார். பாலங்களை இடித்துக் கட்டுவதற்குப் பதில், பெட்டிகளின் ஒரு பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டனர்! இன்றும் பயணிகள் ஒரு பக்கத்தில்தான் ஏறி இறங்குகின்றனர்.

1911இல் பாராளுமன்ற உறுப்பினரான ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் சுரங்கத்தையும் ரயிலையும் விலைக்கு வாங்கினார். 1946இன் இறுதியில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. சுமக்கக் கல் இல்லை; கோடைக்கால உல்லாசப் பயணிகள் மட்டுமே எஞ்சினர். 1948இல் பிரிட்டிஷ் ரயில்வேக்கள் தேசியமயமானபோது இச்சிறு ரயில் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனினும், ‘நான் உயிருடனிருக்கும் வரை வண்டி ஓடும்’ என்ற வாக்கை முதியவர் காத்தார். பாதையைப் புல் மூடிற்று, கட்டைகள் உளுத்தன, 1866இல் செய்யப்பட்ட டோல்கோக் என்ற ஒற்றை எஞ்சின் வண்டியை இழுத்தது. 1950 ஜூலையில் அவர் மறைந்தார்.

அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் அதை விரும்பவில்லை. 1950 அக்டோபரில் பர்மிங்ஹாம் நகரில் அவரும் நண்பர்களும் கூட்டிய கூட்டத்துக்குச் சுமார் எழுபது பேர் வந்தனர். அவர்கள் நிறுவிய சங்கத்திடம் ரயிலை ஒப்படைக்க மறைந்தவரின் துணைவியார் இசைந்தார். ஊதியம் பெறாத தொண்டர்கள் தம் விடுமுறை நாட்களில் வந்து புல் வெட்டினர், கட்டை மாற்றினர், கரி அள்ளினர். 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் வண்டி புறப்பட்டது. தொண்டர்கள் பொறுப்பேற்றுக் காத்த உலகின் முதல் ரயில்வே இதுவே என்பர். அதே ஆண்டு, மூடப்பட்ட அண்டை ரயிலான காரிஸ் ரயில்வேயின் இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுனுக்கு வாங்கினர். ஒன்றுக்கு ‘சர் ஹேடன்’ என்றே பெயரிட்டது நன்றிக்கடனாகும். ரயில் கதைகளால் குழந்தைகளின் உள்ளம் கவர்ந்த ஆட்ரி பாதிரியாரும் இங்கே தொண்டாற்றியவரே.

1976இல் பாதை மலையடிவாரத்து நாந்த் க்வெர்னால் வரை நீண்டு, ஏழேகால் மைல் தூரமாயிற்று. 2021இல் யுனெஸ்கோ, வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது இந்த ரயிலும் அதில் அடங்கிற்று.

இலாபம் இதைப் பிறப்பித்தது. ஆனால் காப்பாற்றியது இலாபமன்று. இலாபம் வறண்ட பின் ஒரு முதியவரின் வாக்கும், அவருக்குப் பின் பலருடைய கைகளும் அதைத் தாங்கின. நம் ஊர்களிலும் பழைய நூலகங்களும் சத்திரங்களும் குளங்களும் ‘யாரேனும் பார்த்துக்கொள்வர்’ என்ற நினைப்பிலேயே அழிகின்றன. அந்த ‘யாரேனும்’ யார் என்று பர்மிங்ஹாமில் கூடிய எழுபது பேரும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். நாமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.