அக்கா தங்கை கதை ஏறிய கப்பல்கள்

‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ 2000 மே மாதம் வெளியானது. போர்ட் பிளேரில் இருந்த எங்களுக்கு அப்போதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து எது வந்தாலும் பெரும்பாலும் கப்பலில்தான் வரவேண்டும். சென்னையிலிருந்து மூன்று நாள். முதலில் பாட்டு கேசட் வந்தது, படம் பிறகு வந்தது. நாடா தேய்ந்து சங்கர் மகாதேவன் குரல் இழுபடும்வரை கேட்டோம். அந்தக் கதைக்கும் இந்த வங்கக் கடலுக்கும் இருநூற்றைம்பது வருஷத்துத் தொடர்பு உண்டு என்பது எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது.

அந்தத் தொடர்பு ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. பிலடெல்பியா ஆஸ்டன் தாய் தகப்பன் இல்லாத பெண். லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் தொழில் பழகியவள். சீர் கொடுக்க ஆளில்லாததால் அங்கே மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். இந்தியாவிலோ கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் காத்திருந்தார்கள். 1752 ஜனவரியில் கப்பலேறி ஆகஸ்டில் சென்னையில் இறங்கினாள். அடுத்த பிப்ரவரியில் கடலூரில், தேவனாம்பட்டினம் கோட்டையின் வைத்தியர் ஹான்காக்குக்கு அவளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவர்கள் மகள் எலைசா 1761-இல் கல்கத்தாவில் பிறந்தாள்.

இந்த பிலடெல்பியாவின் தம்பி மகள்தான் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன். வரன் தேடிக் கடல் தாண்டிய அத்தையின் கதை அவருக்குள் கிடந்தது. பதினாறு வயதில் எழுதிய ‘கேதரின்’ என்ற முடிவுறாத கதையிலேயே ஓர் ஏழைப் பெண்ணை மாப்பிள்ளைக்காக வங்காளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு வந்த நாவலில் கர்னல் பிராண்டன் இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். அவர் பேசினால் பல்லக்கும் தங்க மொகராவும்தான் வரும் என்று இளவட்டங்கள் கேலி பேசுகின்றன. அவர் இழந்த காதலியின் பெயரும் எலைசாதான்.

1811 அக்டோபரில் மூன்று தொகுதிகளாக வந்த அந்த நாவல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ அதன் தமிழ் வடிவம்தான். தலைப்புப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இல்லை, ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டும் இருந்தது. அந்த வருஷம்தான் இங்கிலாந்து மன்னருக்குச் சித்தம் கலங்கியதால் இளவரசர் ஆட்சியை ஏற்றார். அந்த ஒன்பது வருஷத்தைத்தான் ‘ரீஜென்சி’ காலம் என்கிறார்கள்.

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். தகப்பன் சாகும்போது மூத்த தாரத்து மகனிடம், சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவன் மூவாயிரம் பவுன் கொடுப்பதாக மனசுக்குள் தீர்மானிக்கிறான். பெண்டாட்டி பேச ஆரம்பிக்கிறாள். மூவாயிரம் பாதியாகிறது. பிறகு வருஷத்துக்கு நூறு. அந்த அம்மாள் நெடுநாள் இருந்துவிட்டால்? சரி, எப்போதாவது ஐம்பது. அதுகூட எதற்கு, வீடு மாற்றும்போது கொஞ்சம் ஒத்தாசை, பருவத்துக்கு மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதாதா? அவன் நிம்மதியாக ஒத்துக்கொள்கிறான். யாரும் குரலை உயர்த்தவில்லை, நான்கு பெண்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். பாகப்பிரிவினை நடந்த எந்த வீட்டுக்காரருக்கும் இந்தப் பேச்சு பழக்கமானதுதான். ஆஸ்டனுக்கும் பழக்கம். 1805-இல் தகப்பனார் இறந்தபின் தாயும் அக்காவும் அவரும் சகோதரர்கள் கொடுப்பதை வைத்து ஊர் ஊராக மாறினார்கள். 1809-இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு சிறு வீடு கொடுத்த பிறகுதான் எழுத்து அச்சேறியது.

கடலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு அத்தோடு போகவில்லை. ஜேனின் தம்பி சார்லஸ் கடற்படைக்காரர். இளவயதில் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமார்களுக்கும் புஷ்பராகச் சிலுவை வாங்கிக் கொடுத்தவர். 1852-இல் பர்மா யுத்தத்தின்போது ஐராவதி நதியில் கப்பலிலேயே இறந்தார். அவர் சமாதி திருகோணமலையில் இருக்கிறது.

ரீஜென்சி காலத்தைக் கதைக்களமாக்கும் காதல் நாவல்களுக்கு 1935-இல் ஜார்ஜெட் ஹேயர் பாதை போட்டார். ஆஸ்டனையே திருப்பிச் சொல்லும் ‘ஸ்வீட்’ கதைகள் இன்று ஆங்கிலத்தில் ஏராளம். முத்தத்துக்கு மேல் எதுவும் இல்லாதவை. நடனக்கூடமும் குதிரை வண்டியும் தேநீரும் குறையாமல் இருக்கும். அந்த நாகரிகத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் அம்மாக்கள் படித்த தொடர்கதைகளும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் மீனும் வேட்டைக் கறியும் பேசுகிற அந்த அத்தியாயம் காணாமல் போய்விடுகிறது. வீடு போன வலி இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு என்ன கனம்?

படத்தை இயக்கிய ராஜீவ் மேனனும் வசனம் எழுதிய சுஜாதாவும் அந்த வலியை விடவில்லை. செட்டிநாட்டு வீடு ஒன்றில் பேச்சிழந்து படுக்கையில் கிடந்த தாத்தா இறக்கிறார். பெட்டியைத் திறந்தால் உயில், சொத்தெல்லாம் மகனுக்கு. தாத்தாவைக் கவனித்துக்கொண்ட மகளும் அவள் பெண்களும் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு சட்டமாகிவிட்டது. இருந்தும் சுயார்ஜிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். கதை நம்மூரில் நம்பும்படி நின்றது அந்த இடுக்கில்தான்.

மற்றதெல்லாம் அதே கவனத்தோடு ஊர் மாறியது. நாவலில் பணக்காரப் பெண்ணுக்காகத் தங்கை மரியானைக் கைவிட்ட வில்லோபி, ஐஸ்வர்யா ராயின் மீனாட்சியைக் கைவிடும் பைனான்ஸ் கம்பெனிக்காரன் ஸ்ரீகாந்த் ஆனான். பைனான்ஸ் கம்பெனிகளில் போட்ட பணம் போன தொண்ணூறுகளை மறக்காதவர்களுக்கு அது புரியும். தபு நடித்த அக்கா சௌம்யா, ராசி இல்லாதவள் என்ற பேச்சைச் சுமந்துகொண்டு சம்பளத்துக்குப் போகிறாள். கர்னல் பிராண்டன், இலங்கையில் அமைதிப்படையோடு போய்க் காலை இழந்த மேஜர் பாலா ஆனார். கடல் தாண்டிப் போய் மௌனமாகத் திரும்பிய சிப்பாய்க்கு மம்மூட்டியைத் தவிர வேறு யாரையும் என்னால் நினைக்க முடியவில்லை.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் எங்கள் தீவுகளுக்கு வந்தது. மூன்று நாள் கப்பலில் வந்த கதையை இப்போது என் அக்கா மகள் போனில் பார்க்கிறாள். உயில் படிக்கிற காட்சி வந்ததும் நிறுத்திவிட்டு, “சித்தி, நம்ம வீடு யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டாள்.

இந்தத் தீவுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். 2004 சுனாமி அந்தத் தீவையே புரட்டிப்போட்டது. வீடிழந்த ஒரு தாயும் மூன்று பெண்களும் அங்கிருந்து போர்ட் பிளேர் வந்து இறங்குகிற கதையை இன்னும் நான் படிக்கவில்லை. எழுதத் தெரிந்த தீவுக்காரப் பெண் யாராவது எழுதுங்கள். நடனக்கூடம் வேண்டாம். ஹேடோ துறைமுகமும், கையில் ஒரு பெட்டியும், வாடகைக்கு வீடு தேடுகிற அக்காவும் இருந்தால் போதும்.