ஆயத்த வகுப்புகளின் வரலாறு: அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளிற் கணிதமும் விஞ்ஞானமும்

கல்லூரியின் வாயில் விரும்பிய எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது ஒரு கொள்கை. அக்கல்லூரியிற் கற்பிக்கப்படும் கணிதம் வேறெங்குங் கற்பிக்கப்படும் கணிதத்திற்குத் தாழ்ந்ததாய் இருத்தலாகாது என்பது மற்றொரு கொள்கை. இரண்டும் நல்லனவே. ஆயின் இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ள முற்படுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பின்னங்களைக் கூட்டும் முறையை மறந்துவிட்ட ஒருவன், பொறியியலாளன் ஆகும் விருப்பத்தோடு அவ்வாயிலில் வந்து நிற்பான். அவனை எந்த வகுப்பில் இருத்துவது? ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சமூகக் கல்லூரிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வந்துள்ளன. அவை கண்ட விடைகளுள் ஒன்றே, தவணை தொடங்குமுன் சில வாரங்களுக்குள் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் செறிவாகப் பயிற்றும் ஆயத்த வகுப்பு.

இவ்வினா சமூகக் கல்லூரிகளுக்கும் முந்தியது. 1636இல் நிறுவப்பெற்ற ஹார்வாட் கல்லூரி, புகுமுக மாணாக்கர் அட்சரகணிதம் அறிந்திருத்தல் வேண்டும் என விதித்தது 1820ஆம் ஆண்டிலேதான். அதாவது, இன்று பள்ளிச் சிறுவர் கற்கும் பாடத்தை அதற்கு முன் கல்லூரியே கற்பித்தது. விஸ்கொன்சின் சர்வகலாசாலை 1849இல் தன் முதல் வகுப்பை நடத்தியபோது வந்திருந்தவர் ஏறத்தாழ இருபதின்மர். அவ்வகுப்பும் பட்டப்படிப்பு வகுப்பன்று, ஆயத்த வகுப்பே. 1862ஆம் ஆண்டின் மொறில் சட்டத்தாற் கமத்தொழிலும் பொறித்தொழிலும் பயிற்றும் கல்லூரிகள் மாகாணந்தோறும் எழுந்த காலத்தில், உயர்நிலைப் பள்ளிகள் பல ஊர்களில் இருக்கவேயில்லை. ஆதலின் புதிய கல்லூரிகள் தமக்கு வேண்டிய மாணாக்கரைத் தாமே ஆயத்தஞ் செய்துகொள்ள வேண்டியனவாயின. இக்காலத்து மாணாக்கர் முன்னையோர் போல ஆயத்தமாய் வருவதில்லை என்னும் முறைப்பாடு ஆசிரியர் கூடும் அறைகளில் ஓயாது கேட்பது. அமெரிக்க வரலாற்றை நோக்கின், அம்முன்னையோர் எப்போது இருந்தனர் என்று கூறுதல் அரிதாகும்.

சிக்காகோ சர்வகலாசாலையின் முதல் தலைவராகிய வில்லியம் றெயினி ஹாப்பர், நான்காண்டுப் படிப்பை இரு கூறாக வகுத்து, 1896இல் முற்கூற்றைக் கனிட்ட கல்லூரி எனவும் பிற்கூற்றைச் சிரேட்ட கல்லூரி எனவும் பெயரிட்டார். முற்கூற்றை வேறிடங்களிலும் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. அதன்வழி 1901இல், இலினோய் மாகாணத்து ஜோலியற் நகரில், உயர்நிலைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராகிய ஸ்ரான்லி பிறவுண் என்பவரோடு சேர்ந்து அவர் தொடக்கிய கல்லூரியே அந்நாட்டின் மிகப் பழைய பொதுக் கனிட்ட கல்லூரியாக எண்ணப்படுகிறது. தொடக்கத்தில் மாணாக்கர் அறுவர். 1907இற் கலிபோர்ணியா மாகாணம் உயர்நிலைப் பள்ளிகள் மேல்வகுப்புப் பாடங்களைக் கற்பிக்கச் சட்டத்தால் இடமளித்தது. 1910இற் பிறெஸ்னோ நகரில் அதன் பயன் தோன்றிற்று. ஹாப்பரின் நோக்கம் முற்றிலும் பரோபகாரமன்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். தொடக்க வகுப்புகளின் சுமையைப் பிறரிடம் விட்டுச் சர்வகலாசாலையை ஆராய்ச்சிக்கு உரியதாக்கலும் அவர் விரும்பியதே. கடினமான கற்பித்தல் வேலை, அதற்குப் பொருள் வசதி குறைந்த கல்லூரிகளின் தோளில் ஏற்றப்பட்ட வரலாறு அன்றே தொடங்கியது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறிற்று. 1944ஆம் ஆண்டின் படைவீரர் உதவிச் சட்டத்தாற் போரினின்றும் மீண்டோருள் ஏறக்குறைய இருபத்திரண்டு இலட்சம் பேர் கல்லூரிகளுட் புகுந்தனர். ஜனாதிபதி ட்றூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947இல் வெளியிட்ட அறிக்கை, சமூகக் கல்லூரி என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது. 1957 ஒக்டோபரிற் சோவியற் நாட்டின் ஸ்புட்னிக் வானிற் சென்றது. அடுத்த ஆண்டே தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. விஞ்ஞானமும் கணிதமும் நாட்டின் பாதுகாப்போடு பிணைக்கப்பட்டன. 1960இற் கலிபோர்ணியா வகுத்த உயர்கல்வித் திட்டம், உயர்நிலைப் பள்ளி முடித்தோரில் முதல் எட்டிலொரு பங்கினரைக் கலிபோர்ணியா சர்வகலாசாலைக்கும், முதல் மூன்றிலொரு பங்கினரை மாகாணக் கல்லூரிகளுக்கும் உரியோராக்கி, எஞ்சியோர் அனைவர்க்கும் கனிட்ட கல்லூரிகளைத் திறந்துவிட்டது. அப்பத்தாண்டில் அமெரிக்காவெங்கும் புதிதாக எழுந்த பொதுச் சமூகக் கல்லூரிகள் நானூற்றைம்பதிற்கு மேற்பட்டவை. திட்டத்தை வகுத்தோர் ஒரு வாக்குறுதியுஞ் செய்தனர்: கனிட்ட கல்லூரியில் ஈராண்டு திறம்படக் கற்றவன் சர்வகலாசாலையின் மூன்றாமாண்டிற் சேரலாம். பொறியியல் கற்க விரும்பும் ஏழை மாணாக்கனுக்கு இதனினும் பெரிய வாக்குறுதி வேறில்லை.

வாக்குறுதியின் இடையே நின்றது ஏணியொன்று. கல்லூரிக்கு வந்த மாணாக்கனை ஒரு நிலைகாண் பரீட்சையில் அமர்த்தினர். ஒன்றிரண்டு மணிநேரத்துள் முடியும் அப்பரீட்சையின் புள்ளிகளைக் கொண்டு, அவன் எண்கணிதத்தில் இருக்க வேண்டியவனா, தொடக்க அட்சரகணிதத்திலா, இடைநிலை அட்சரகணிதத்திலா என்று தீர்த்தனர். இவ்வகுப்புகளுக்குப் பரிகாரக் கற்பித்தல் என்பது பெயர். பரிகாரம் என்பது பரியாரியின் சொல். நோயாளன் ஒருவன் உளன் என்று அது முன்னரே முடிவு செய்துவிடுகின்றது. அவ்வகுப்புகளிற் பெற்ற தேர்ச்சி பட்டத்திற்குக் கணக்கிடப்படுவதில்லை. பணமும் காலமும் மாத்திரம் செலவாகும். விஞ்ஞான மாணாக்கனுக்கு இழப்பு இன்னும் பெரிது. எண்கணிதத்திலே தொடங்குபவன் அட்சரகணிதம் இரண்டு, திரிகோணகணிதம், நுண்கணிதத்துக்கு முந்திய பாடம் ஆகியவற்றை ஒவ்வொரு தவணையாகக் கடந்தே நுண்கணிதத்தை அடைய வேண்டும். பொறியியலுக்குரிய பௌதிகமோ நுண்கணிதத்தை வேண்டி நிற்பது. எனவே ஈராண்டுக் கல்லூரியில் ஈரரை ஆண்டு கழிந்த பின்னரே அவன் தான் கற்க வந்த பாடத்தின் முதற் பக்கத்தைத் திறப்பான்.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். ஏணியிற் படிகள் நான்கு எனக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நால்வரில் மூவர் சித்தியெய்துகின்றனர். சித்தியெய்தியோரிலும் நால்வரில் மூவரே அடுத்த படியிற் சேர்கின்றனர் எனவும் வைத்துக்கொள்வோம். எந்தத் தலைமையாசிரியரும் இச்சித்தி வீதத்தைக் குறைகூறார். ஆயினும் நான்கு சித்திகளையும் மூன்று சேர்க்கைகளையும் பெருக்கினால், நூறு பேரிற் பதின்மூவரே ஏணியின் உச்சியை அடைவர். ஆசிரியர் எவரும் தவறு செய்யாமலே எண்பத்தேழு பேர் மறைந்துவிடுவர்.

இது வெறுங் கற்பனையன்று. கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் ஐம்பத்தேழு கல்லூரிகளின் 250,000க்கு மேற்பட்ட மாணாக்கருடைய பதிவேடுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, கணிதப் பரிகார வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டோருள் மூன்றிலொரு பங்கினரே அவற்றை முடித்தனர். மூன்று படிகள் அல்லது அதற்கு மேலும் கீழே இருத்தப்பட்டோரில் முடித்தவர் நூற்றுக்குப் பதினெழுவர். அவ்வாராய்ச்சியின் மற்றொரு முடிவு மேலும் கவனிக்கத்தக்கது. பரீட்சையிற் றவறி வீழ்ந்தோரிலும், அடுத்த வகுப்பிற் சேராமலே நின்றுவிட்டோர் தொகை பெரிது. 2012இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, நிலைகாண் பரீட்சையே கணிதத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரைத் தகாத வகுப்பில் இருத்துகின்றது எனக் காட்டிற்று.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் பேர்க்கிளி நகருக்குச் செல்லுதல் வேண்டும். சமூகக் கல்லூரியன்று, புகழ்பெற்ற சர்வகலாசாலையே அது; ஆயினும் பின்வந்த ஆயத்த வகுப்புகளின் உயிர்நிலை அங்கேதான் தோன்றியது. 1978க்கு முந்திய பத்தாண்டில், அங்கு முதல் நுண்கணிதப் பாடத்தை முடித்த கறுப்பின மாணாக்கருள் ஐந்தில் மூன்று பங்கினர் மிகத் தாழ்ந்த புள்ளியோ தோல்வியோ பெற்றனர். காரணம் என்னவென்று ஆசிரியர்களை வினவியபோது ஊக்கக் குறைவு, பள்ளிப்படிப்பின் குறைவு, குடும்பத்தாரின் அக்கறைக் குறைவு, வறுமை என்று நான்கு விடைகள் கிடைத்தன. யூரி றைஸ்மன் என்னும் இளங் கணித அறிஞர் அவ்விடைகளை அப்படியே ஏற்றாரல்லர். கறுப்பின மாணாக்கர் இருபதின்மரையும், நுண்கணிதத்திற் சிறந்து விளங்கிய சீன வமிச மாணாக்கர் இருபதின்மரையும் தேர்ந்து, அவர்கள் எங்கே, எப்போது, எவ்வாறு படிக்கின்றனர் என்பதை உடனிருந்து நோக்கினார். நான்கு விடைகளும் பொய்த்தன. கறுப்பின மாணாக்கர் ஆசிரியர் சொன்னபடியே வாரத்திற்கு எட்டு மணிநேரம் ஒழுங்காகப் படித்தனர். ஆனால் தனித்தனியே படித்தனர். சீன மாணாக்கர் ஏறக்குறையப் பதினான்கு மணிநேரம் படித்தனர்; அதிற் பெரும்பகுதியைக் கூடியிருந்து, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, பழைய வினாத்தாள்களை ஒருவரை ஒருவர் கேட்டுக் கழித்தனர். தமக்கு விளங்காதது பிறர்க்கும் விளங்கவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தனியே படித்தவனோ, விளங்காமை தன்னிடத்து மாத்திரமே உள்ள குறை எனக் கொண்டான். விளக்கொளியில் ஒருவராயிருந்து வெளிவாரிப் பட்டத்திற்குப் படித்த எம்போன்றார்க்கு இவ்வேறுபாடு விளக்கமின்றியே புலனாகும்.

றைஸ்மன் பின்பு அமைத்த பட்டறை வகுப்புகளைப் பரிகாரம் என்று பெயரிட்டழைக்க மறுத்தார். மாணாக்கரை அழைத்தது சிறப்புப் பயிற்சிக்கு; கொடுத்தது எளிய கணக்குகளையன்று, வகுப்பிற் கொடுப்பதினும் கடியவற்றை. அவற்றைச் சிறு குழுக்களாக இருந்து செய்தனர். 1992இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அப்பட்டறைகளிற் பயின்ற கறுப்பின மாணாக்கர் ஏனைய வெள்ளையின, ஆசிய மாணாக்கரையும் விஞ்சுதல் வழக்கமாயிற்று எனக் கூறுகின்றது. இதே காலப்பகுதியில், பேர்க்கிளிக்கு அயலிலுள்ள ஒக்லாந்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1970இல் அங்குள்ள தொழினுட்ப உயர்நிலைப் பள்ளியொன்றில் இருபத்தைந்து மாணாக்கரோடு தொடங்கிய மேசா என்னும் திட்டம், கணிதம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய துறைகளுக்கு ஏழை மாணாக்கரை ஆயத்தஞ் செய்வதை நோக்கமாகக் கொண்டது. பின்னர் அது சமூகக் கல்லூரிகளுக்கும் பரவிற்று. அங்கே ஒரு கூடத்தை ஒதுக்கி, மாணாக்கர் கூடிப் படிக்கும் இடமாக அமைத்ததே அதன் பெருந்தொண்டு எனக் கருதுகின்றேன். சமூகக் கல்லூரி மாணாக்கர் பலர் தொழில் செய்பவர். வகுப்பு முடிந்ததும் வாகனம் நிறுத்திய இடத்திற்கு விரைபவர். அவர்களுக்கு விடுதியில்லை, விடுதியில்லாதவனுக்குக் கூட்டுப்படிப்பும் எளிதன்று.

செறிவான ஆயத்த வகுப்புக்குத் தெளிவான உதாரணம் கலிபோர்ணியாவின் றெட்வூட் நகரிலுள்ள கன்யாடா கல்லூரி. 1968இல் திறக்கப்பட்ட இச்சிறு சமூகக் கல்லூரி, 2009ஆம் ஆண்டுக் கோடையிற் கணித ஜாம் என்னும் வகுப்பைத் தொடக்கியது. இசைவாணர் பலர் கூடி முன்னேற்பாடின்றி வாசிக்கும் கூட்டத்தை ஆங்கிலத்தில் ஜாம் என வழங்குவர். அப்பெயரே பரிகாரம் என்னுஞ் சொல்லினின்றும் எவ்வளவு தொலைவானது என்பதை நோக்குக. ஓரிரு வாரங்களுக்கு, நாடோறும் பல மணிநேரம், மாணாக்கர் தத்தம் நிலைக்கேற்ற குழுக்களில் அமர்ந்து, கணினியின் துணையோடும் மூத்த மாணாக்கரின் துணையோடும் மறந்த பகுதிகளை மீட்டுக்கொண்டனர். முடிவில் நிலைகாண் பரீட்சையை மீண்டும் எழுதி, ஏணியில் ஒரு படியோ இரு படியோ மேலே தொடங்கினோர் பலர். பின்னர் இதே முறையிற் பௌதிகத்திற்கும் ஒரு ஜாம் அமைந்தது. ஒரு தவணைப் பாடத்தை இரண்டு வாரத்திற் கற்றல் இயலுமோ என்று வினவலாம். புதிதாகக் கற்றல் அரிதே. ஆனால் அவர்களுட் பலர் முன்னொருகாற் கற்று மறந்தவர்கள். மறந்ததை நினைவூட்டுதற்குப் பதினாறு வாரம் வேண்டியதில்லை.

இவ்வகுப்புகள் எல்லா நோய்க்கும் மருந்து எனக் கொள்வது பிழையாகும். 2009ஆம் ஆண்டுக் கோடையிற் றெக்சஸ் மாகாணத்தின் எட்டுக் கல்லூரிகள் நடத்திய பாலவகுப்புகளில், 1300க்கு மேற்பட்ட மாணாக்கர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினரே வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். பயின்றோர் முதல் ஒன்றரை ஆண்டுவரை கல்லூரிக் கணிதத்தில் முந்திச் சென்றனர். இரண்டாண்டு முடிவிலோ, இரு பிரிவினர்க்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2012இன் அறிக்கை கூறியது. கல்லூரியில் நீடித்திருப்போர் தொகையும் அவ்வகுப்பாற் கூடவில்லை. கோடையில் ஏற்றிய விளக்குக்குத் தவணைக்காலத்தில் எண்ணெய் ஊற்றுவார் இலர் என்பதே என் வாசிப்பு. பேர்க்கிளியின் பட்டறை பாடம் நடக்கும் காலமெல்லாம் உடன் நடந்தது. றெக்சஸ் வகுப்போ நான்கைந்து வாரத்தில் முடிந்தது.

அடுத்த திருப்பம் இக்கருத்துக்கு அரணாயிற்று. நியூயோர்க் நகரச் சர்வகலாசாலையைச் சேர்ந்த மூன்று சமூகக் கல்லூரிகளில், பரிகார அட்சரகணிதத்துக்கு உரியோர் எனத் தீர்க்கப்பட்ட 907 மாணாக்கரைக் குலுக்கலாற் பிரித்தனர். ஒரு பகுதியினரை நேரே கல்லூரிப் புள்ளிவிபரவியலில் இருத்தி, வாரந்தோறும் ஒரு துணைப் பட்டறையும் அளித்தனர். 2016இல் வெளியான முடிவின்படி, அவர்களுள் நூற்றுக்கு 56 பேர் சித்தியெய்தினர். பரிகார வகுப்பிலே தங்கியோருள் சித்தியெய்தியவர் 39 பேர். மேல்வகுப்பிற் சித்தி மிகுதியும் கீழ்வகுப்பிற் குறைவும்! இது பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயினும் புள்ளிவிபரவியல் வேறு, நுண்கணிதம் வேறு. அரசியலோ சமூகவியலோ கற்பவன் அட்சரகணிதத்தை ஓரளவு சுற்றிச் செல்லலாம். பொறியியல் மாணாக்கனுக்குச் சுற்றுவழி இல்லை.

கலிபோர்ணியா சட்டமன்றம் 2017இல் இயற்றிய 705ஆம் இலக்கச் சட்டம், மாணாக்கனை அவனுடைய பள்ளிப் பெறுபேறுகளைக் கொண்டே நிலைப்படுத்துதல் வேண்டும் எனவும், சர்வகலாசாலைத் தரமான கணிதத்தை ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பு உயர்ந்திருத்தல் வேண்டும் எனவும் விதித்தது. 2019 இலையுதிர் தவணையில் அது முற்றாக நடைமுறைக்கு வந்தபோது நிலைகாண் பரீட்சை வழக்கொழிந்தது. பரீட்சையை மீண்டும் எழுதி மேற்படிக்குச் செல்லுதல் என்னும் பழைய நோக்கம் ஆயத்த வகுப்புக்கு இல்லையாயிற்று. சேர்ந்துவிட்ட பாடத்திற்குத் துணைநிற்றலே அதன் வேலையாயிற்று. 2022இல் நிறைவேறிய 1705ஆம் இலக்கச் சட்டமோ ஒருபடி மேலே சென்று, விஞ்ஞான, பொறியியல் மாணாக்கரை 2025 இலையுதிர் தவணை முதற் பெரும்பாலும் நேரே நுண்கணிதத்தில் இருத்த வழிசெய்தது. கணித ஆசிரியருட் பலர் இதனை எதிர்த்தனர். திரிகோணகணிதத்தை ஒருபோதுங் காணாத ஒருவனை வகையீட்டின் முன் நிறுத்துதல் நீதியன்று என்பது அவர் வாதம். சட்டத்தை ஆதரித்தோர், கீழ்ப்படியிற் றொடங்கியோருள் எத்தனை பேர் நுண்கணிதத்தின் வாயிலையாவது கண்டனர் எனப் பதிவேடுகளைக் காட்டி வினவினர். இரு சாராரும் ஒன்றில் மாத்திரம் வேறுபட்டிலர்: நேரே நுண்கணிதத்தில் அமர்பவனுக்குத் தவணைக்கு முன்னும் தவணையினுள்ளும் செறிந்த துணைப்பயிற்சி வேண்டும் என்பதே அது. அப்பயிற்சிக்கு ஆசிரியரையும் மணிநேரத்தையும் பணத்தையும் எங்கிருந்து பெறுவது என்னும் வினா ஒவ்வொரு கல்லூரியின் வரவுசெலவுத் திட்டத்திலும் எழுந்து நின்றது.