ஜிடிஓவா, லெமான்ஸா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நியாய விலை பற்றிச் சில குறிப்புகள்

பழைய கார் விலை பேசுவது என்றாலே அது வாய்ச்சாமர்த்தியம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "அவன் ஆறு சொன்னான், நான் நாலில் ஆரம்பிச்சேன், அஞ்சுக்கு முடிச்சேன்" என்று சொல்லாத ஆள் உண்டா? ஆனால் அந்த ஆறும் நாலும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக அமெரிக்காவில் பழைய கார் விலை எப்படி உருவானது என்று படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரே ஒரு வண்டியின் கதை மொத்த விஷயத்தையும் விளக்கிவிடுகிறது. அது 1964ஆம் ஆண்டின் போண்டியாக் ஜிடிஓ.

விலைப் புத்தகம் யார் கையில்?

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1920களில் அமெரிக்காவில் தவணைக்குக் கார் வாங்குவது சாதாரணமாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் வருடா வருடம் புது மாடல் விட ஆரம்பித்தது. புது வண்டி எடுப்பவர் பழையதை டீலரிடம் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வார். டீலர்களிடம் பழைய வண்டிகள் மலை மாதிரி குவிந்தன. எதற்கு எவ்வளவு கொடுப்பது?

லாஸ் ஏஞ்சலீஸில் லெஸ் கெல்லி என்ற பழைய கார் வியாபாரி, தான் எந்தெந்த வண்டியை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்று பட்டியல் போட்டு மற்ற டீலர்களுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். 1926இல் அது 'ப்ளூ புக்' என்ற பெயரில் புத்தகமானது. இன்றும் அமெரிக்கர்கள் "ப்ளூ புக் விலை என்ன?" என்று கேட்பது இதைத்தான்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்றுண்டு. பொதுமக்களுக்கான கெல்லி ப்ளூ புக் பதிப்பு வெளிவந்தது 1993இல். அதாவது 67 வருடம் அந்தப் புத்தகம் வியாபாரத்தில் இருப்பவர்களுக்காகவே அச்சானது. நீங்கள் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசும்போது, அந்தப் பக்கத்து டிராயரில் விலைப்பட்டியல் இருந்திருக்கிறது.

புதுக் காரில்கூட நிலைமை சுமார்தான். டீலர் இஷ்டத்துக்கு விலையை ஏற்றிவைத்துவிட்டு, பிறகு 'தள்ளுபடி' கொடுப்பார். ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் வருடச் சட்டம்தான் புதுக் காரின் கண்ணாடியில் நிறுவனம் பரிந்துரைக்கும் விலையை ஒட்டவைத்தது. அந்த ஸ்டிக்கரை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். பழைய காருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

ஒரு குறுக்கு வழி

இப்போது ஜிடிஓவுக்கு வருவோம். 1960களின் ஆரம்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஓர் உள்விதி இருந்தது: நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது. போண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்று அறிவித்தால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும்? ஏற்கெனவே இருக்கும் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 389 கன அங்குல வி8 இன்ஜினை 'கூடுதல் வசதி' என்று விற்றால்? ஏறத்தாழ 296 டாலர் கூடக் கொடுத்தால் ஜிடிஓ. பெயரையே ஃபெராரியிடம் இருந்து எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடமே 32,450 வண்டிகள் போயின. மஸில் கார் என்று பிற்பாடு பெயர் பெற்ற வகைக்குப் பலரும் இதைத்தான் பிள்ளையார் சுழி என்கிறார்கள்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகிய கதைதான். ரிலீஸுக்கு அனுமதி கிடைக்காத அம்சத்தை ஒரு ஆப்ஷனாக உள்ளே தள்ளிவிடுவது. அந்த அவசரத்தின் கடனைப் பல வருடம் கழித்து வேறு யாரோ அடைப்பார்கள். இங்கேயும் அப்படியே ஆனது.

காரணம், 1964, 1965ஆம் வருட ஜிடிஓக்களின் வண்டி எண், நம்ம ஊரில் சேஸிஸ் நம்பர் என்கிறோமே அது, 'லெமான்ஸ்' என்று மட்டும்தான் சொல்லும். ஜிடிஓ என்பதற்கு அதில் எந்தத் தடயமும் கிடையாது. 1966இல்தான் ஜிடிஓ தனி மாடலாகி, எண் 242 என்று தொடங்க ஆரம்பித்தது. ஆக, முதல் இரண்டு வருட வண்டிகளில், சாதாரண லெமான்ஸை எடுத்து, பெரிய இன்ஜினைப் பொருத்தி, பேட்ஜை ஒட்டிவிட்டால், எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

புதிதாக விற்றபோது யாருக்கும் இது பிரச்சினை இல்லை. 1970 வாக்கில் மஸில் கார்களுக்கு இன்ஷூரன்ஸ் எகிறியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலைக் குடிக்கும் இந்த வண்டிகள் அடிமாட்டு விலைக்குப் போயின. அப்போது போலி செய்ய யாருக்கு என்ன அவசியம்? பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்து விலை ஏறியபோதுதான், 296 டாலர் வித்தியாசம் பல ஆயிரம் டாலர் வித்தியாசமானது. போலிகளும் வந்தன.

ஆக்கர்லாஃபின் எலுமிச்சை

ஓடாத வண்டியை, மக்கர் பண்ணும் வண்டியை அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற இளம் பொருளாதார ஆசிரியர் 1960களின் பிற்பகுதியில் 'எலுமிச்சைகளின் சந்தை' என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் நிராகரித்தன. 1970இல் நான்காவதில் வெளிவந்தது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக இருந்தது அதுதான்.

அவர் சொன்னதை ஜிடிஓவில் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சந்தையில் 10 'ஜிடிஓ'. அதில் 6 அசல், 4 போலி. அசல் 50 ஆயிரம் டாலர் பெறும், போலி 20 ஆயிரம்தான் பெறும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றால், விவரமான ஆள் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார்? சராசரி, அதாவது 38 ஆயிரம். போலி வைத்திருப்பவருக்கு அது லாட்டரி. அசல் வைத்திருப்பவரோ "இந்த விலைக்கு நான் தரவே மாட்டேன்" என்று இரண்டு பேர் விலகுகிறார்கள். இப்போது 4 அசல், 4 போலி. சராசரி 35 ஆயிரம். இன்னும் சிலர் விலகுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது போலிகளும் 20 ஆயிரமும்தான்.

இந்தக் கணக்கில் ஏமாந்தது யார் என்று பார்த்தால், வாங்குகிறவர் மட்டும் இல்லை. நேர்மையாக வண்டி வைத்திருந்தவருக்குத் தன் வண்டியின் விலையைச் சந்தையில் வாங்க முடியவில்லை. அடுத்தவன் செய்த போலிக்கு அவர் தண்டம் கட்டுகிறார். பேரம் என்றாலே விற்பவன் திருடன், வாங்குபவன் அப்பாவி என்று பேசுகிறோமே, அதில் இவர் காணாமல் போய்விடுகிறார்.

நமக்கு நெருக்கமான ஒரு விஷயமும் அந்தக் கட்டுரையில் உண்டு. கலப்படத்தின் செலவைச் சொல்ல ஆக்கர்லாஃப் எடுத்துக்கொண்ட உதாரணம், கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இந்திய இல்லத்தரசி. 1967-68இல் அவர் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்தவர். நம் பாட்டிமார் முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கிய நேரமும் அரிசி விலையில் சேர்த்தி என்பதுதான் அதன் பொருள்.

சட்டங்கள் எவ்வளவு தூரம் வந்தன?

மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். காருக்குப் பல், ஓடிய மைல் காட்டும் மீட்டர். அதைத் திருப்பி வைப்பதை அமெரிக்க மத்திய அரசு 1972இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் அந்தக் காலத்து மீட்டர்கள் ஐந்து இலக்கம். 99,999க்குப் பிறகு தானாகவே பூஜ்யம். நம்ம பாஷையில் ஓவர்ஃப்ளோ. 40,000 என்று காட்டும் மீட்டர் 1,40,000 ஓடியதாகவும் இருக்கலாம், யாரும் தொட்டிருக்க வேண்டியதே இல்லை.

1981இல் ஃபெடரல் டிரேட் கமிஷன், பழைய கார் டீலர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரிய குறைகளை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. 1982இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. அப்படி ரத்து செய்யும் முறையே செல்லாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆனாலும் 1984இல் வந்த இறுதி விதியில் 'தெரிந்த குறையைச் சொல்' என்ற பகுதி இல்லை. உத்தரவாதம் உண்டா, 'உள்ளது உள்ளபடி' விற்பனையா என்று கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினால் போதும்.

அதே 1981இல்தான் 17 எழுத்து-எண் கொண்ட வண்டி எண் கட்டாயமானது. ஐ, ஓ, க்யூ மூன்றும் கிடையாது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பிவிடும் என்பதால். ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எடை. பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 என்றால் எக்ஸ். பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணிலும் இதே 11 கணக்குதான். பத்து வரி நிரலில் எழுதிப் பார்க்கலாம். விபத்து, பதிவு, மைல் விவரங்களை ஒரே எண்ணில் கோர்க்க முடிந்தது இதனால்தான். ஆனால் 1964 வண்டிக்கு இது எதுவும் பொருந்தாது.

அப்போ பேரம் எதன் மேல்?

ஜிடிஓவைக் காப்பாற்றியது ஒரு குமாஸ்தா வேலை. வண்டி தொழிற்சாலையை விட்டுப் போனபோது டீலருக்குப் போட்ட பில்களின் பதிவுகள் அழியாமல் இருந்தன. போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம், வண்டி எண்ணைக் கொடுத்தால் அதன் நகலைக் கட்டணத்துக்குத் தருகிறது. எந்தெந்த ஆப்ஷனோடு வண்டி பிறந்தது என்பது அதில் இருக்கும். மேலே போட்ட கணக்கில் இந்தத் தாளைச் சேர்த்துப் பாருங்கள். அசல் வண்டிக்காரர் தாளைக் காட்டி 50 ஆயிரத்தை வாங்கிக்கொள்ளலாம். தாள் காட்டாதவர் ஏன் காட்டவில்லை என்று யாரும் கேட்கக்கூட வேண்டாம். அவருக்கு லெமான்ஸ் விலைதான்.

எந்த ஊரில் எந்த ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கினாலும் இதே வரிசையில் யோசிக்கலாம் என்று நினைக்கிறேன். அதே உடம்பில் வரும் சாதாரண மாடலின் விலையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் தரை. கேட்கும் விலைகளை விட்டுவிட்டு, உண்மையில் கைமாறிய விலைகளைத் தேடுங்கள். பிறகு விற்பவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ("ஒரே ஓனர்", "ஒரிஜினல் இன்ஜின்", "ரேஸுக்குப் போனதே இல்லை") எதிரே ஒரு தாள் இருக்கிறதா என்று பாருங்கள்: சர்வீஸ் பில், பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் நம்பர், நம்பகமான மெக்கானிக்கின் பரிசோதனை. தாள் இருக்கும் விஷயத்துக்குத் தரைக்கு மேல் முழு விலை கொடுங்கள். இல்லாததற்குக் கொடுக்காதீர்கள். மெக்கானிக் சொன்ன ரிப்பேர் செலவைக் கழியுங்கள்.

ஒழுங்காகத் தாள்களைச் சேர்த்துவைத்திருப்பவர் ஒரு ஃபைலோடு வந்தால், அவரிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். உங்களுக்காகக் கல் பொறுக்கி வைத்திருப்பவர் அவர். அந்த வேலைக்கும் கூலி உண்டு.