வளரும் முதுகும் தேயும் தண்டும்

1962ஆம் ஆண்டு இலங்கையைப் போலியோ உலுக்கியது. அதே ஆண்டில்தான், போலியோவால் முதுகு வளைந்த சிறுவர்களுக்குத் தாம் பொருத்திய உலோகத் தண்டுகளைப் பற்றி அமெரிக்க வைத்தியர் போல் ஹாரிங்டன் விரிவாக எழுதினார். அந்த வழியில் பின்னர் வந்த நீளும் தண்டுகளில் ஒரு வில்லங்கம் இருந்தது. பிள்ளை வளர வளர, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொருமுறை முதுகைத் திறந்து தண்டை நீட்டவேண்டும். கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி அட்டனிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ பிள்ளையைக் கொண்டுபோனால் அன்றைய 'பேர்' போய்விடும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம்.

கத்தியின்றி, வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டும் 'மாஜெக்' தண்டுக்கு 2014இல் அமெரிக்கா அனுமதியளித்தது. மலையகத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும். ஆனால், கழற்றியெடுத்த தண்டுகள் பலவற்றைச் சுற்றித் தசை கறுத்திருந்தது. உட்பாகங்கள் உராய்ந்து டைட்டேனியத் துகள்கள் கசிந்திருந்தன; சிலவற்றில் உள்ளூசி முறிந்திருந்தது. 2020 ஏப்ரலில் பிரித்தானியா, அதைப் புதிதாகப் பொருத்துவதை நிறுத்தச் சொன்னது.

இத்தகைய தண்டு மலையகப் பிள்ளை ஒன்றின் முதுகில் இருக்குமாயின், திரும்ப அழைக்கும் கடிதம் எங்கே போகும் என்பதே என் கேள்வி. லயன்கள் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி இல்லை; கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வருகின்றன.