அரைப்பேரும் கெமர் எழுத்தும்

கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்து, ஊவா மலைகளிலே ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன், இந்த வயதில் கெமர் மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். என் வீட்டாருக்கும் வந்தது. கம்போடியாவில் அங்கோர் ஆலயத்தைப் பார்த்துவந்த உறவுக்காரப் பையன் ஒருவன், அந்நாட்டுச் சிறுவர் படிக்கும் அரிச்சுவடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். வினை அன்று தொடங்கியது.

அரிச்சுவடியைத் திறந்ததும் எனக்கு ஏற்பட்ட வியப்பு, அந்நியமான ஒன்றைக் கண்ட வியப்பன்று. மெய்யெழுத்துகள் முப்பத்து மூன்று. சிங்கள அரிச்சுவடியில் நாம் காணும் அதே வர்க்க வரிசையிலேயே அவை நிற்கின்றன. எகரக் குறி நம் கொம்பைப்போல எழுத்துக்கு முன்னே வந்து நிற்கிறது. ஓகார ஒலிக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். ‘கோ’ எழுதப் பழகிய கைக்கு இதைவிடப் பழக்கமான வேலை வேறென்ன?

ஆனால் வாய்விட்டுப் படித்தபோதுதான் சிக்கல். தமிழில் ககரம் ஒன்றுதான்; ‘கடல்’ என்பதில் வன்மையாகவும் ‘மகன்’ என்பதில் மென்மையாகவும் இடத்தைப் பார்த்து ஒலிக்கிறோம். கெமரில் இதற்கு நேர்மாறு. நாம் ‘காந்தி’ என்னும்போது வரும் ஒலிக்கெனப் பிறந்த எழுத்தும் இன்று வன்மையான ககரமாகவே ஒலிக்கிறது. பழைய வேறுபாடு போய் உயிரில் ஒட்டிக்கொண்டது. முதல் ககரத்தோடு கால் சேர்த்தால் ‘கா’. மூன்றாவது எழுத்தோடு அதே காலைச் சேர்த்தால் ஏறத்தாழ ‘கியா’. சொற்களுக்கிடையே இடைவெளியும் விடுவதில்லை. போதாக்குறைக்கு, இரண்டு மெய்கள் சேர்ந்தால் இரண்டாவது எழுத்து வேறு உருவெடுத்து முதலாவதன் அடியில் போய் அமரும். அவ்வடி எழுத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கும் ‘கால்’ என்பதே பொருள்.

இவ்வெழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது என்பது அறிஞர் கருத்து. கம்போடியருக்கு எழுத்தறிவித்தவன் தமிழனே என்று மேடையில் முழங்குவோரை நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த முழக்கத்தில் விருப்பமில்லை. கடல் கடந்து சென்றது வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து. அதை வாங்கித் தம் நாவுக்கேற்ப உயிர்க்குறிகளைப் பெருக்கிக்கொண்டவர்கள் கெமர் மக்களே.

அவர்கள் தம் மொழியில் முதலில் எழுதியது என்ன? ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு அங்கோர் போரேயில் கிடைத்தது; கி.பி. 611ஆம் ஆண்டுக்குரியது. காஞ்சியில் முதலாம் மகேந்திரவர்மன் ஆண்ட காலத்தை ஒட்டியது. அதில் காதலோ வீரமோ இல்லை. ஆலயத்துக்கு அளிக்கப்பட்ட ஊழியக்காரரின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அக்காலக் கல்வெட்டுகளில் மன்னனையும் தெய்வத்தையும் புகழ வடமொழிச் செய்யுள். வயலையும் மாட்டையும் ஆளையும் கணக்கிடக் கெமர். ஆண் பெயருக்கு முன் ‘வா’, பெண் பெயருக்கு முன் ‘கு’ என்று அடையாளமிட்டு ஒவ்வொருவராக எழுதிச் செல்வார்கள்.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இது எங்கள் செக்ரோல் அல்லவா!

தோட்டத்தை அறியாத நேயர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்களிடையே ‘பேர்’ என்றால் ஒரு நாட்கூலி. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, சொன்ன அளவு கொழுந்தை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். “இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்று என் தாயார் கூடையை இறக்கிவைத்துச் சொல்வது இன்னும் காதில் கேட்கிறது. கணக்கப்பிள்ளையின் பேனா பாதியாக்கிய அந்தப் பேரை அவரால் வாசிக்க முடியாது. அதற்கும் முந்திய தலைமுறையில் ‘துண்டு’ இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை, தன்னைக் கட்டிவைத்த எழுத்து இன்னதென்று அறியாமலே ஒருவன் அதை மடியில் முடிந்துவைத்திருந்தான்.

பின்னர் 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. என் பாட்டனாரின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் மூவர், எதையும் அவர் எழுதவில்லை. மூன்றின் கீழும் இருந்த பெருவிரல் அடையாளம் மட்டும் ஒன்றுதான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு கிடந்தது. புதையுண்டோர் எத்தனை பேர் என்று அடுத்தடுத்த நாட்களில் வெளிவந்த எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அரைநாட் கூலிக்கும் பிசகாமல் பேர் போட்ட மலை அது.

அரிச்சுவடிக்குத் திரும்புகிறேன். கெமர் மொழியில் ‘நான்’ என்று பணிவாகச் சொல்ல இன்று வழங்கும் சொல் ‘க்ஞொம்’. அப்பழைய பட்டியல்களில் ஊழியக்காரரைக் குறித்த சொல்லே அது. நம் முன்னோர் ‘அடியேன்’ என்றதைப் போலத் தம்மைத் தாழ்த்திச் சொன்னது, நாளடைவில் எல்லோருக்கும் உரிய ‘நான்’ ஆயிற்று. அதை எழுத, ககர வரிசையின் இரண்டாம் எழுத்தை இட்டு, அதன் காலடியில் ஞகரத்தை அமர்த்தி, அதற்கும் கீழே உகரக் குறியைச் சேர்த்து, உச்சியில் சிறு வட்டம் ஒன்றை இடவேண்டும். மூன்று நாட்களாக எழுதிப் பார்க்கிறேன். வட்டம் வருகிறது, காலடி ஞகரந்தான் இன்னும் சரியாக அமையவில்லை.